குயின் இசைக்குழுவில் பாடகர் மாற்றம்

குயின் 1970ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கப்பட்ட ராக் இசைக்குழு. அதன் முன்னணிப் பாடகரான ஃப்ரெடி மெர்க்குரி 1991 நவம்பர் 24 அன்று எய்ட்ஸ் நோயால் இறந்தார். அத்துடன் குழு முடிந்துவிட்டது என்றே பலரும் கருதினர். ஆனால் கிட்டார் கலைஞர் பிரையன் மேயும் டிரம்ஸ் கலைஞர் ராஜர் டெய்லரும் 2005 முதல் பால் ராட்ஜர்ஸுடனும், பின்னர் ஆடம் லாம்பர்ட்டுடனும் அதே பாடல்களை உலகெங்கும் மேடையேற்றினர். இவ்விருவரின் குரலும் மெர்க்குரியின் குரலைப் போன்றதல்ல. அவர் குரலை அச்சு அசலாகக் கொண்ட ஒருவர் கிடைத்தபோது அவரைக் குழு தன் மேடையின் நடுவில் நிறுத்தவில்லை. பாடகரை இழந்த ராக் குழுக்களின் வரலாற்றில் குயின் தனித்து நிற்பது இந்த முடிவினால்தான்.

மலைப்பள்ளி

மெர்க்குரியின் இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. 1946 செப்டம்பர் 5 அன்று சான்சிபார் தீவில், குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதளவில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, மகாராஷ்டிரத்தின் மலைவாழிடமான பஞ்சகனியில் தூய பேதுரு பள்ளியின் விடுதியில் சேர்ந்தார்.

அது எத்தகைய பள்ளி என்பதைத் தமிழ் வாசகர்கள் ஏற்காட்டைக் கொண்டு அறிந்துகொள்ளலாம். சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில், 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். காப்பித் தோட்டங்களைத் தொடர்ந்து ஐரோப்பியர் குடியேறினர். அவர்களைத் தொடர்ந்து தேவாலயங்கள் வந்தன, பிறகு விடுதியுடன் கூடிய பள்ளிகள் வந்தன. திரு இருதயப் பெண்கள் பள்ளி 1894இலும் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இலும் தொடங்கப்பட்டன. எழுத்தாளரும் அரசியல்வாதியுமான சசி தரூர், நடிகர் விக்ரம் ஆகியோர் மான்ட்ஃபோர்ட்டில் படித்தவர்கள். உதகை, கொடைக்கானல், டார்ஜிலிங், முசௌரி, பஞ்சகனி எங்கும் கதை ஏறத்தாழ இதுதான். குளிர்ச்சியான காற்றுக்காக ஏறிவந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளிகள், பின்னர் இந்தியக் குடும்பங்களின் பள்ளிகளாயின.

இத்தகைய பள்ளிகள் மேற்கத்திய இசைக்கு இந்தியாவில் நாற்றங்கால்களாக இருந்தன. பியானோ வகுப்பு, தேவாலயப் பாடற்குழு, ஆண்டு விழா மேடை ஆகியவை பாடத்திட்டத்தின் பகுதிபோலவே நடந்தன. இவற்றுள் பாடற்குழுவைக் கவனிக்க வேண்டும். உச்ச ஸ்தாயியில் தனித்துப் பாடும் சிறுவனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடைந்துவிடும். வேறொரு சிறுவன் அந்த இடத்துக்கு வருவான். மூத்த மாணவர்கள் ஆண்டுதோறும் பள்ளியை விட்டுப் போவார்கள். ஆனாலும் பாடற்குழு பாடிக்கொண்டே இருக்கும். எந்தக் குரல் எந்தப் பகுதியைப் பாட வேண்டும் என்பது இசைக்குறிப்பில் எழுதப்பட்டிருப்பதால், பாடுபவர் மாறினாலும் இடம் காலியாவதில்லை.

மெர்க்குரி தூய பேதுரு பள்ளியின் பாடற்குழுவில் பாடினார், பியானோவில் நான்காம் நிலைத் தேர்ச்சி பெற்றார். பன்னிரண்டு வயதில் நான்கு மாணவர்களுடன் சேர்ந்து ‘தி ஹெக்டிக்ஸ்’ என்ற குழுவை அமைத்தார். பள்ளி விழாக்களில் லிட்டில் ரிச்சர்ட், கிளிஃப் ரிச்சர்ட் ஆகியோரின் பாடல்களை இக்குழு இசைத்தது. பிற்காலத்தில் உலகின் பெரும் பாடகர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டவர் அந்தக் குழுவில் முன்னணிப் பாடகர் அல்ல. அவர் பியானோ வாசித்து உடன்குரல் கொடுத்தார். முன்னால் நின்று பாடியது வேறொரு மாணவர்.

ஸ்மைலிலிருந்து குயினுக்கு

1964இல் சான்சிபாரில் புரட்சி வெடித்ததும் புல்சாரா குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. ஃபரூக் ஈலிங் கலைக்கல்லூரியில் வரைகலை படித்தார். அங்கு அவருடன் படித்த டிம் ஸ்டாஃபெல், ‘ஸ்மைல்’ என்ற குழுவின் பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமாக இருந்தார். அக்குழுவின் மற்ற இருவர், இயற்பியல் மாணவரான பிரையன் மேயும் பல் மருத்துவம் படிக்கத் தொடங்கி விட்டுவிட்ட ராஜர் டெய்லரும். ஸ்மைலின் நிகழ்ச்சிகளை ஃபரூக் முன்வரிசையில் நின்று கேட்டார், ஆலோசனைகளும் சொன்னார்.

1970இல் ஸ்டாஃபெல் வேறு குழுவுக்குப் போனார். அவர் இடத்துக்கு ஃபரூக் வந்தார், குழுவின் பெயரை குயின் என்றும் தம் பெயரை ஃப்ரெடி மெர்க்குரி என்றும் மாற்றினார். 1971இல் பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் டீக்கன் சேர்ந்ததும் குழு நிறைவு பெற்றது. ஆக, குயின் என்ற குழுவே ஒரு பாடகர் விலகி இன்னொருவர் வந்ததால் உண்டானது. 1991க்குப் பின் நடந்தவற்றைப் பற்றிய விவாதங்களில் இது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

குயினின் ஒலி எங்கே இருந்தது

பாடகரை மாற்றினால் ஒலி மாறிவிடுமா என்ற கேள்விக்கு, அந்த ஒலி எவற்றால் ஆனது என்று முதலில் பார்க்க வேண்டும்.

குயினின் கிட்டார் ஒலி கடையில் வாங்கக்கூடியதல்ல. பிரையன் மே பதின்ம வயதில் தம் தந்தையுடன் சேர்ந்து வீட்டிலேயே செய்த கிட்டாரைத்தான் பெரும்பாலும் வாசித்தார். அதன் கழுத்துப் பகுதி பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டத்திலிருந்து செதுக்கப்பட்டது. நரம்பை மீட்டுவதற்கு வில்லைக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயத்தைப் பயன்படுத்தினார். ஒரே மெட்டை வெவ்வேறு சுரநிலைகளில் பலமுறை வாசித்து, அவற்றை ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கி, பல கிட்டார்கள் சேர்ந்து பாடுவதுபோன்ற ஒலியை அவர் உருவாக்கினார்.

குரலிலும் இதே முறைதான். மே, மெர்க்குரி, டெய்லர் மூவரும் பாடுபவர்கள். மே கீழ்ப்பகுதியையும் மெர்க்குரி நடுப்பகுதியையும் டெய்லர் கள்ளத்தொண்டையில் உச்சப்பகுதியையும் பாடினார்கள். 1975இல் வெளியான ‘போகிமியன் ராப்சடி’யின் நடுவே வரும் ஓபரா பகுதியில் பெருங்கூட்டமாகக் கேட்பது இந்த மூன்று குரல்கள்தான். 24 டிராக் ஒலிநாடாவில் திரும்பத் திரும்பப் பதிந்து, பதிந்தவற்றைச் சேர்த்து இடம் உண்டாக்கி, மீண்டும் அதன்மேல் பதிந்தார்கள். அந்தப் பாடலின் மிக உயர்ந்த சுரத்தில் ஒலிப்பது டெய்லரின் குரல். அதை மெர்க்குரியின் குரல் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு.

பாடல்களை எழுதுவதும் ஒருவர் கையில் இல்லை. ‘வீ வில் ராக் யூ’ மேயுடையது. ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ டீக்கனுடையது. ‘ரேடியோ கா கா’ டெய்லருடையது. ‘போகிமியன் ராப்சடி’, ‘சம்படி டு லவ்’, ‘வீ ஆர் தி சாம்பியன்ஸ்’ ஆகியவை மெர்க்குரியுடையவை. நால்வருமே பெரும் வெற்றிப் பாடல்களை எழுதிய குழு ராக் இசையில் மிக அரிது.

மேடையில் நடந்ததும் ஒலித்தட்டில் கேட்டதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட பயணங்களில் தொண்டையைக் காத்துக்கொள்வதற்காக மெர்க்குரி பல உச்ச சுரங்களை மேடையில் தவிர்த்து, மெட்டைக் கீழே வளைத்துப் பாடினார். அந்த உச்சங்களை டெய்லர் பிடித்துக்கொண்டார். ‘போகிமியன் ராப்சடி’யின் ஓபரா பகுதியை மேடையில் பாட முடியாது என்பதால், அந்த இடத்தில் பதிவு நாடாவை ஓடவிட்டு நால்வரும் மேடையைவிட்டு இறங்கிவிடுவார்கள், ராக் பகுதி தொடங்கும்போது திரும்புவார்கள். மெர்க்குரி உயிரோடிருந்தபோதே குயின் தன் ஒலித்தட்டுகளை மேடையில் நகலெடுக்கவில்லை.

இவ்வளவும் சொன்னபின், மெர்க்குரிக்கு மட்டுமே உரியதாக மிஞ்சுவது என்ன? தனிப்பாடலில் வரும் குரலின் நிறம். அதைவிட முக்கியமாக, கூட்டத்தை ஆளும் திறன். 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளி மைதானத்தில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் அவர் ஒரு சுரக்கோவையைப் பாட, மைதானம் முழுவதும் அதைத் திருப்பிப் பாடியது. அடுத்து வந்தவர்களுக்கு எந்த உச்ச சுரத்தையும்விடக் கடினமாக அமைந்தது இதுதான்.

இறந்தவரின் குரலோடு

மெர்க்குரி குயினுடன் கடைசியாக மேடையேறியது 1986 ஆகஸ்ட் 9 அன்று, இங்கிலாந்தின் நெப்வொர்த்தில். அதன்பின் நோய் முற்றியது. சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோ நகரில் குழுவுக்குச் சொந்தமான ஒலிப்பதிவுக்கூடத்தில், இயன்ற நாட்களில் வந்து, கிடைத்த வரிகளைப் பாடிவைத்தார். 1991இல் ‘மதர் லவ்’ என்ற பாடலைப் பதியும்போது கடைசிச் சரணத்துக்கு முன் களைத்துப்போய், பிறகு வந்து முடிப்பதாகச் சொல்லிச் சென்றார். திரும்பவில்லை. அந்தச் சரணத்தைப் பின்னர் பிரையன் மே பாடினார். 1995இல் வெளியான ‘மேட் இன் ஹெவன்’ ஆல்பத்தில் அந்தப் பாடலைக் கேட்பவர்கள், ஒரே பாடலுக்குள் குரல் கைமாறுவதைக் கேட்கலாம். மே மெர்க்குரியைப் போலப் பாட முயலவில்லை. தாழ்ந்த, தயக்கமான தம் குரலிலேயே பாடினார்.

அதற்கு முன்பே, 1992 ஏப்ரல் 20 அன்று, வெம்ப்ளியில் மெர்க்குரிக்கான அஞ்சலி நிகழ்ச்சி நடந்தது. எஞ்சிய மூவரும் இசைக்க, டேவிட் போவி, எல்டன் ஜான், ஆனி லெனாக்ஸ், ராபர்ட் பிளாண்ட், ஆக்சல் ரோஸ், ஜார்ஜ் மைக்கேல் என ஒவ்வொரு பாடலுக்கும் ஒவ்வொருவர் வந்து பாடினர். விரும்பிச் செய்யாவிட்டாலும், உலகமே பார்க்க நடந்த குரல் தேர்வாக அது அமைந்துவிட்டது. லெட் செப்பலின் என்ற பெருங்குழுவின் பாடகரான பிளாண்ட்டே ‘இன்யுவெண்டோ’வில் தடுமாறினார். பின்னர் வெளியான காணொளியில் அப்பாடல் சேர்க்கப்படவில்லை. ‘சம்படி டு லவ்’ பாடிய ஜார்ஜ் மைக்கேலின் வெற்றி மிகப் பெரிது. அவரே குயினின் அடுத்த பாடகர் என்ற பேச்சு பல ஆண்டுகள் ஓடியது. ஆனால் அவர் சேரவில்லை. 1997இல் மே, டெய்லர், டீக்கன் மூவரும் ஒரு பாடலைப் பதிந்தனர். மேயும் டெய்லரும் அதைப் பாடினர். அத்துடன் டீக்கன் இசையுலகிலிருந்தே விலகிக்கொண்டார்.

பால் ராட்ஜர்ஸ்: கூட்டல் குறி

2004இன் இறுதியில் மேயும் டெய்லரும் பால் ராட்ஜர்ஸுடன் இணைவதாக அறிவித்தனர். ராட்ஜர்ஸ் புதியவர் அல்லர். ஃப்ரீ, பேட் கம்பெனி என்னும் குழுக்களில் 1970களிலேயே புகழ்பெற்றவர். புளூஸ் மரபில் ஊறிய, கனமான, கரகரத்த குரல் அவருடையது. மெர்க்குரியின் நாடகப்பாங்குக்கு நேரெதிர். குழு தன்னை குயின் என்று மட்டும் அழைத்துக்கொள்ளவில்லை. ‘குயின் + பால் ராட்ஜர்ஸ்’ என்று ஒரு கூட்டல் குறியைப் போட்டது. ராட்ஜர்ஸ் மெர்க்குரியின் இடத்துக்கு வரவில்லை, பக்கத்தில் வந்து நிற்கிறார் என்பது அதன் பொருள்.

2005 முதல் நடந்த நிகழ்ச்சிகளில் ராட்ஜர்ஸ் தம்முடைய பழைய பாடல்களையும் பாடினார். ‘லவ் ஆஃப் மை லைஃப்’ போன்றவற்றை மே பாடினார். ‘போகிமியன் ராப்சடி’யின் முற்பகுதிக்கு மெர்க்குரியின் பதிவுக்குரலும் படமும் திரையில் வந்தன. 2008இல் ‘தி காஸ்மாஸ் ராக்ஸ்’ என்ற புதிய ஆல்பமும் வெளியானது. இங்குதான் சிக்கல் தெரிந்தது. பழைய பாடல்களை வேறொரு குரலில் கேட்கக் கூட்டம் வந்தது. புதிய பாடல்களுக்கு அந்த வரவேற்பு இல்லை. ஆல்பத்தைக் கேட்பவர்களுக்கு அது நல்ல புளூஸ் ராக் தொகுப்பாகத் தோன்றலாம். ஆனால் அதில் குயின் குறைவு. அடுக்கடுக்கான குரல்களும் ஓபராவும் கேலியும் கலந்த எழுத்தை ராட்ஜர்ஸின் குரல் கேட்டு வாங்கவில்லை. 2009இல் இரு தரப்பும் கசப்பின்றிப் பிரிந்தன.

மார்ட்டலும் லாம்பர்ட்டும்

2009இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘அமெரிக்கன் ஐடல்’ போட்டியில் ஆடம் லாம்பர்ட் என்ற இளைஞர் இரண்டாம் இடம் பெற்றார். அப்போட்டிக்கான குரல் தேர்வில் அவர் பாடியது ‘போகிமியன் ராப்சடி’. இறுதிச் சுற்றில் மேயும் டெய்லரும் மேடைக்கு வந்து அவருக்கு வாசித்தனர். 2011இல் பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்த விருது விழாவில் மூவரும் மீண்டும் சேர்ந்தனர். 2012இல் கீவ் நகரில் முழு நிகழ்ச்சி நடத்தினர். 2014 முதல் பெரும் பயணங்கள் தொடங்கின.

இதே காலத்தில் டெய்லர், குயினின் பாடல்களை ஊர் ஊராக இசைக்கும் அதிகாரபூர்வ அஞ்சலிக் குழு ஒன்றுக்கு இணையவழியில் ஆள் தேடினார். ‘குயின் எக்ஸ்ட்ராவகன்சா’ என்பது அதன் பெயர். கனடாவைச் சேர்ந்த மார்க் மார்ட்டல் என்பவர் ‘சம்படி டு லவ்’ பாடலைப் பாடி அனுப்பிய காணொளியைப் பார்த்தவர்கள் திகைத்தனர். குரலின் நிறம், உச்சரிப்பு, சுரங்களின் விளிம்பில் வரும் நடுக்கம் எல்லாமே மெர்க்குரியுடையவை போலிருந்தன. முகச்சாயலும் ஓரளவு இருந்தது. தேர்வில் அவர் வென்றார், அஞ்சலிக் குழுவில் பாடினார். 2018இல் மெர்க்குரியின் வாழ்க்கையைச் சொல்லும் ‘போகிமியன் ராப்சடி’ திரைப்படம் வந்தபோது, மெர்க்குரியின் பழைய பதிவுகளோடு தேவையான இடங்களில் மார்ட்டலின் குரலும் பயன்படுத்தப்பட்டது.

ஆக, அசலைப் போன்ற குரல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இருந்தும் குயினின் மேடைக்கு அழைக்கப்பட்டவர் லாம்பர்ட். இசைநாடக மேடைகளில் பயின்ற அவருடைய குரல் மெல்லியது, கூர்மையானது, மிக உயரத்துக்கு ஏறக்கூடியது. மெர்க்குரியின் குரலோடு குழப்பிக்கொள்ளவே முடியாதது. அவர் மெர்க்குரியின் மீசையையோ மஞ்சள் மேலங்கியையோ எடுத்துக்கொள்ளவில்லை. தாம் மெர்க்குரி அல்லர் என்பதை மேடையிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அவரைக் கொண்டாடத் தம்முடன் சேருமாறு கூட்டத்தைக் கேட்பது அவர் வழக்கம். அதேவேளை, ராட்ஜர்ஸிடம் இல்லாதது அவரிடம் இருந்தது. பகட்டு, கேலி, நாடகம் ஆகியவை அவருக்கு இயல்பாக வந்தன. குயினின் பாடல்கள் பாடுபவரிடம் எதிர்பார்ப்பது குரலொற்றுமையைவிட இந்தப் பாங்கையே என்பதை ராட்ஜர்ஸ் காலத்து அனுபவம் காட்டியிருக்க வேண்டும்.

ராட்ஜர்ஸுடன் செய்த ஒன்றை லாம்பர்ட்டுடன் குழு செய்யவில்லை. புதிய பாடல்களைக் கொண்ட முழு ஆல்பம் எதுவும் வரவில்லை. 2020இல் வெளியானது நேரடி நிகழ்ச்சிகளின் தொகுப்பு. கூட்டல் குறி மட்டும் அப்படியே தொடர்கிறது. நிகழ்ச்சியின் நடுவில் மே தனியாக அமர்ந்து ‘லவ் ஆஃப் மை லைஃப்’ பாடுவார்; முடியும் தறுவாயில் மெர்க்குரியின் உருவம் திரையில் தோன்றி மிச்சத்தைப் பாடும். அந்தப் பாடல் புதிய பாடகருக்குக் கொடுக்கப்படவில்லை.

ஒப்பிடத்தக்க பிற குழுக்கள்

இதற்கு நேர்மாறான வழியில் போய் வென்றவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஜர்னி குழு, ஸ்டீவ் பெர்ரி என்னும் பாடகரின் உயர்ந்த, தெளிவான குரலால் 1980களில் பெரும்புகழ் பெற்றது. அவர் விலகிய பின் வந்த இருவர் நிலைக்கவில்லை. 2007இல் கிட்டார் கலைஞர் நீல் ஷோன் யூடியூபில் தேடிக்கொண்டிருந்தபோது, மணிலாவில் ஒரு குழுவில் பாடிக்கொண்டிருந்த ஆர்னெல் பினேடாவின் காணொளிகள் கண்ணில் பட்டன. சிறுவயதில் தாயை இழந்து தெருவில் படுத்துறங்கியவர் பினேடா. பெர்ரியின் பாடல்களை அதே சுருதியில், அதே நிறத்தில் பாடக்கூடியவர். மறுஆண்டு வெளியான ‘ரெவலேஷன்’ ஆல்பத்தில் புதிய பாடல்களுடன் பழைய வெற்றிப் பாடல்களையும் பினேடாவின் குரலில் மீண்டும் பதிந்து சேர்த்தனர். ஜர்னியின் பாடல்கள் ஒரு குரலை மையமாகக் கொண்டு கட்டப்பட்டவை. அங்கே குரல் மாறினால் பாடலே வேறாகிவிடும் என்பதால் சாயல் அவசியமாயிற்று.

ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி குழுவின் நிலை வேறு. 1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். சில வாரங்களிலேயே பிரையன் ஜான்சன் சேர்க்கப்பட்டு, அதே ஆண்டு ஜூலையில் ‘பேக் இன் பிளாக்’ வெளியானது. துக்கத்துக்காக உறை முழுதும் கறுப்பாக வந்த அந்த ஆல்பம் உலகில் மிக அதிகம் விற்றவற்றுள் ஒன்றாயிற்று. ஸ்காட்டின் குறும்புக் குரலும் ஜான்சனின் தொண்டை கிழியும் குரலும் ஒன்றல்ல. ஆனால் அக்குழுவை அடையாளம் காட்டியது மால்கம் யங், ஆங்கஸ் யங் சகோதரர்களின் கிட்டார். பாடல் தொடங்கி யாரும் வாய் திறப்பதற்குள் அது ஏசி/டிசி என்று தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டு மெல்லிசைக் குழுக்களின் மரபை வைத்துப் பார்த்தால் ஜர்னியின் வழியே இயல்பானதாகத் தோன்றும். டி.எம். சௌந்தரராஜனின் குரலில் பாடுபவர், எஸ். ஜானகியின் குரலில் பாடுபவர் என்று ஆட்களை வைத்துக்கொள்வதுதான் கோயில் திருவிழாக் கச்சேரிகளின் வழக்கம். ஆனால் அக்குழுக்கள் வேறொருவரின் பாடல்களை மக்களுக்கு நினைவூட்ட வருபவை. சொந்தப் பாடல்களைக் கொண்ட குழுவுக்கு, இருப்பதைக் காப்பதா புதியதைச் செய்வதா என்ற கேள்வியும் சேர்ந்துவிடுகிறது.

இந்தியன் ஓஷன்

இந்தியாவில் இந்தக் கேள்வியை மிகக் கடினமாக எதிர்கொண்டது தில்லியின் இந்தியன் ஓஷன் குழு. 1990இல் கிட்டார் கலைஞர் சுஸ்மித் சென்னும் அஷீம் சக்ரவர்த்தியும் தொடங்கியது. பேஸ் கிட்டாருடன் ராகுல் ராமும் டிரம்ஸுடன் அமித் கிலாமும் பின்னர் சேர்ந்தனர். கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாடலைத் தழுவிய ‘கந்தீசா’ 2000இல் வெளிவந்து குழுவை நாடெங்கும் அறியச் செய்தது.

சக்ரவர்த்தி மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து தபலா வாசித்துக்கொண்டே பாடுவார். பாடலின் தாளமும் குரலும் ஒரே உடலிலிருந்து வந்தன. 2009 டிசம்பர் 25 அன்று அவர் மாரடைப்பால் இறந்தபோது குழு இழந்தது பாடகரை மட்டுமல்ல. அவரைப் போல இரண்டையும் செய்யும் ஒருவரைத் தேடுவதில் குழு நிற்கவில்லை. பாட்டுக்கு இமான்ஷு ஜோஷி, தபலாவுக்கும் பிற தாளக் கருவிகளுக்கும் துஹீன் சக்ரவர்த்தி என்று இருவர் வந்தனர். நால்வர் குழு ஐவர் குழுவாயிற்று. இந்துஸ்தானி இசை பயின்ற ஜோஷியின் குரல் சக்ரவர்த்தியின் குரலைவிட அகன்றது, ஆலாபனையில் நாட்டமுள்ளது. பழைய பாடல்களின் எலும்புக்கூடு மாறவில்லை, இடைவெளிகளில் அவர் தம் போக்கில் விரித்துப் பாடினார்.

சக்ரவர்த்தி இறப்பதற்கு முன்பே பல பாடல்கள் பதிவாகியிருந்தன. அவை 2010இல் ‘16/330 கஜூர் ரோடு’ என்ற பெயரில், மாதத்துக்கு ஒன்றாக, இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டன. தில்லி கரோல் பாக்கில் குழு நெடுங்காலம் ஒத்திகை பார்த்த பழைய வீட்டின் முகவரிதான் அந்தத் தலைப்பு. இதனால் ஒரு விசித்திரமான நிலை ஏற்பட்டது. மாதந்தோறும் ரசிகர்கள் இறந்தவரின் குரலில் புதிய பாடலைத் தரவிறக்கினர். அதே மாதங்களில் அக்குழுவின் மேடையில் வேறொருவர் பாடிக்கொண்டிருந்தார். ‘மேட் இன் ஹெவன்’ வரக் குயினுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. இந்தியன் ஓஷனுக்கு அந்த இடைவெளி கிடைக்கவில்லை.

2013இல் சுஸ்மித் சென்னும் விலகினார். நிகில் ராவ் கிட்டாருக்கு வந்தார். குழுவைத் தொடங்கிய இருவருமே இல்லாமல் 2014இல் வெளியான ‘தண்டானு’ ஆல்பத்தில், பாடலுக்குப் பாடல் வெளியிலிருந்து ஒரு கலைஞர் அழைக்கப்பட்டார். லாம்பர்ட்டுடன் குயின் தவிர்த்துவிட்ட வேலையை, அதாவது புதிய குரலுக்குப் புதிய பாடல் எழுதுவதை, இக்குழு செய்தது. 2023இல் ‘து ஹை’ என்ற ஆல்பமும் வந்தது.

அவியலும் ஆலிகேட்ஸும்

திருவனந்தபுரத்தின் அவியல் குழுவில் பாடகர் மாறியது இறப்பினால் அல்ல. 2003இல் எஸ்.எஸ். மியூசிக் தொலைக்காட்சியில் ‘நட நட’ பாடலால் அறிமுகமான இக்குழுவின் முதல் பாடகர் ஆனந்தராஜ் பெஞ்சமின் பால். அவர் விலகியதும் வெளியாளைத் தேடாமல், குழுவில் இசைத்தட்டுகளைச் சுழற்றி ஒலி சேர்த்துக்கொண்டிருந்த டோனி ஜான் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டார். 2008இல் வெளியான முதல் ஆல்பத்தில் இருப்பது அவர் குரல். 1975இல் பீட்டர் கேப்ரியல் விலகியபோது, பலரைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் டிரம்ஸ் கலைஞர் ஃபில் காலின்ஸையே பாடவைத்த இங்கிலாந்தின் ஜெனிசிஸ் குழு இதற்கு முன்னோடி.

மலேசியாவின் பினாங்கைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் ஆகியோரின் ‘ஆலிகேட்ஸ்’ குழு மலாய்ப் பாடல்களால் அந்நாட்டின் எல்லா இனத்தவரையும் கவர்ந்தது. இருவரும் பாடுபவர்கள். 2007இல் லோகநாதன் இறந்தபின், குழுவில் ஏற்கெனவே இருந்த மற்றொரு முன்னணிக் குரலான அண்ணன் டேவிட், ஆலிகேட்ஸ் என்ற அதே பெயரிலேயே தொடர்ந்து பாடினார்.